திசை தெரியாத கம்பி

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்குப் பேரன் எடுக்கிற வயது.

போடியிலிருந்து முந்தல் போகிற சாலையில், மலை முழுசாகக் கண்ணுக்குள் வந்துவிடும் இடத்தில் பாத்திமுத்துவின் பட்டறை இருந்தது. கோயம்புத்தூரில் படித்து, பந்தயக் கார்களில் வேலை பார்த்து, பிறகு சொந்த ஊருக்கே வந்து ஷட்டரைத் தூக்கிய பெண். பெட்ரோலைப் பீய்ச்சி ஓடும் இன்ஜின்களின் மூளைப் பெட்டிக்குள் கைவைக்கத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

ஜக்கையன் பேருந்துப் பணிமனையில் காலமெல்லாம் டீசல் இன்ஜினோடு கிடந்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டில் உட்கார முடியவில்லை. புது இன்ஜின் படிக்க வேண்டும் என்று இங்கே வந்து நின்றார். அவர் முதன்முதலாக மாஸ்டர் என்று கூப்பிட்ட அன்று எதிர் டீக்கடையில் சிரிப்பு எழுந்தது.

"என்ன ஜக்கையா, மக வயசுப் பிள்ளையப் போயி மாஸ்டர்ங்கிற?"

"தெரியாததைச் சொல்லித் தர்றவுக மாஸ்டர்தேன். நீ ஒரு நல்ல டீ போட்டுக் காட்டு, உன்னையும் கூப்பிடுறேன்."

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வண்டியானாலும், வேலையை முடித்து பானெட்டை மூடியவர்தான் அதை ஓட்டிப்போய் உடையவர் வாசலில் நிறுத்த வேண்டும். உடையவர் தன் கையால் ஸ்டார்ட் செய்து சரி என்று சொல்லும்வரை அங்கேயே நிற்க வேண்டும். ஆளிடம் சாவியைக் கொடுத்தனுப்புவது கிடையாது.

ஏன் என்று ஜக்கையன் ஒருமுறை கேட்டார்.

"திட்டுறதா இருந்தா யாரைத் திட்டுறதுன்னு அவுகளுக்குத் தெரியணும்லண்ணே" என்றார் மாஸ்டர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வண்டிக்கு முன்னால் அதன் புகை வந்தது.

கறுப்புப் புகை. அதற்குள்ளிருந்து ஒரு பிக்கப் வண்டி ஆடிக்கொண்டே வந்து, வாசலில் நிற்பதற்குள் அணைந்துபோயிற்று. ஜக்கையன் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கையில் இருந்த ஸ்பானரையே பெட்டிக்குள் தேட ஆரம்பித்தார்.

அது அவருடைய தம்பி பொம்மையனின் வண்டி. ஓட்டி வந்தது தம்பி மனைவி சென்னம்மா.

"மாஸ்டர், நின்னா சாமி வந்தது மாதிரி ஆடுது. ஏத்தத்துல மிதிச்சா இழுக்குது, காலை எடுத்தா செத்துப்போகுது" என்றாள் சென்னம்மா. "பழைய டீசல் இன்ஜின் போச்சுன்னு வெளியூர்ல யாரோ பெரிய பெட்ரோல் இன்ஜினைத் தூக்கி வெச்சாக. மலைக்கு இன்னும் இழுவை வேணும்னு உள்ள எதையோ மாத்துனாக. அன்னையிலருந்து இதே கூத்துதேன்."

"வால்வைத் திறந்து மூடுற கேம் ஷாஃப்டை மாத்தியிருப்பாங்க. எப்ப வேணும்?"

"வெள்ளிக்கிழமை விடிய. மகளுக்குப் பந்தக்கால் ஊன்றோம். மூங்கி இந்த வண்டியிலதேன் வரணும்."

மாஸ்டர் தலையாட்டினார்.

சென்னம்மா குரலை உயர்த்தினாள். பேச்சு சுவர்ப் பக்கம் போயிற்று. "வேலை பார்த்தவுகதேன் வண்டியைக் கொண்டாந்து விடணும்கிறது இங்க வழக்கமாமே?"

"ஆமா."

"அப்ப வழக்கப்படியே செய்யுங்க. எங்க வீட்டுக்காரரு ஒரே பிடிவாதமா நிக்கிறாரு, அண்ணன் கை படாம கால் ஊன்ற மாட்டேன்னு. ஒண்ணுவிட்ட பங்காளிக வந்து நின்னாலும் வேணாங்கிறாரு. மாப்பிள்ளை வீட்டுல, கூடப் பொறந்தவரே எட்டிப் பார்க்காத வீட்டுல எப்படிச் சம்பந்தம் வெக்கிறதுன்னு கேக்குறாக. வெள்ளிக்கிழமை கால் ஊன்றலைன்னா இந்தக் கல்யாணம் இல்ல."

சுவர்ப் பக்கம் ஸ்பானர்கள் உருளும் சத்தம் கூடியது.

"பெரியப்பா தோள்ல ஏறித் திரிஞ்ச பிள்ளை மாமா அது. முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். முதுகுதேன் தெரியுது."

அவள் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, பஸ் பிடிக்க வெயிலில் நடந்து போனாள்.

மாஸ்டர் சாவியை எடுத்து ஜக்கையனிடம் நீட்டினார்.

"நானா?"

"பானெட்டைத் திறக்க ரெண்டு கை வேணும். உங்களுக்கு இருக்கு."

"இவன் எனக்கு என்ன செஞ்சான்னு உங்களுக்குத் தெரியாது மாஸ்டர்."

"வண்டியா?"

"தம்பி."

"முதல்ல வண்டி என்ன செய்யுதுன்னு பாருங்க."

கோபம் இருந்தாலும் கை பொய் சொல்லாது அவருக்கு. பானெட்டைத் திறந்ததும் கை தன் பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். நான்கும் அடுப்புக்கரி. துடைத்துப் போட்டு ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கரி. குழாய்களில் காற்று ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒழுகவில்லை. பெட்ரோல் பம்பின் அழுத்தம் பார்த்தார். சரியாக இருந்தது.

மறுநாள் காலை மாஸ்டரிடம் போய் நின்றார்.

"எல்லாம் சரியா இருக்கு மாஸ்டர். ஆனா பெட்ரோலை ஊத்து ஊத்துன்னு ஊத்துது. இன்ஜின் மூழ்கிப் போகுது."

"யாரு ஊத்தச் சொல்றது?"

"மூளைப் பெட்டி."

"அதுக்கு யாரு சொல்றது?"

ஜக்கையன் காற்று நுழையும் குழாயின் வாயைக் காட்டினார். அங்கே உள்ளங்கை அகலத்தில் ஒரு சென்சார் உட்கார்ந்திருந்தது. உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்று அளந்து சொல்வது அதன் வேலை. அது சொல்கிற காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைப் பெட்டி பீய்ச்சும்.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் மாஸ்டர்.

இன்ஜின் உதறியது. கறுப்பாகக் கக்கியது. மாஸ்டர் எட்டி, சென்சாரின் ஒயர் சாக்கெட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கினார்.

"மாஸ்டர்! நின்னுபோகும்!" ஜக்கையன் கத்திவிட்டார்.

நிற்கவில்லை. உதறல் தணிந்தது. காய்ச்சல் இறங்கிய பிள்ளைபோல் இன்ஜின் சீராக மூச்சு விட்டது.

ஜக்கையனுக்கு வாய் மூடவில்லை. ஆயுசு முழுக்க இன்ஜின் பார்த்தவர்; கண்ணைப் பிடுங்கியதும் நேராக நடந்த ஒன்றை அவர் பார்த்ததில்லை.

"இப்ப எதை நம்பி ஓடுது?"

"குருட்டுக் கணக்கு. ஒண்ணுமே தெரியலைன்னா இவ்வளவு ஊத்துன்னு பெட்டிக்குள்ள எழுதியிருக்கும்."

"தெரிஞ்சு ஓடினதுக்கு இது தேவலையே?"

"ஆமா" என்று மாஸ்டர் சாக்கெட்டைத் திரும்பச் சொருகினார். சாமி மறுபடி வந்தது.

"அப்ப சென்சார் பொய் சொல்லுது. புதுசு வாங்கிடலாம்."

மாஸ்டர் அதைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுபோனார். பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தார். முள் ஆடுகிற பழைய மீட்டர் ஒன்றை அதில் மாட்டினார். சென்சாரின் வட்டத்துக்குள் தலைமுடி மாதிரி ஒரு கம்பி தெரிந்தது.

"இந்தக் கம்பி சூடா இருக்கும். காத்து பட்டா ஆறும். எவ்வளவு ஆறுதோ, அவ்வளவு காத்துன்னு கணக்கு. ஊதுங்க."

ஜக்கையன் ஊதினார். முள் ஏறி இறங்கியது.

"வேலை செய்யுதே!"

"இப்ப வாயை வெச்சு உள்ள இழுங்க."

"இழுத்தா?"

"இழுங்கண்ணே."

இழுத்தார். முள் ஏறியது.

அவர் சட்டென்று தலையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார், சுட்டுவிட்டது போல. பிறகு மறுபடி குனிந்து ஊதினார். ஏறியது. இழுத்தார். ஏறியது.

"இழுத்தாலும் ஏறுதே மாஸ்டர்!"

"கம்பிக்கு என்ன தெரியும்? காத்து பட்டுச்சு, ஆறிச்சு. வந்துச்சா போச்சான்னு திசை தெரியாது."

"ஆனா காத்து உள்ள போகத்தானே செய்யுது? எதுக்கு வெளிய வருது?"

"கேம் ஷாஃப்டை மாத்திட்டாங்கள்ல. இழுவைக்காக வால்வை ரொம்ப நேரம் திறந்து வைக்குது. வேகமா ஓடுறப்ப அது நல்லதுதான். சும்மா நிக்கிறப்ப, உள்ள போன காத்து ஏப்பம் மாதிரி வாசலுக்கே திரும்பி வந்துடுது. வந்து, மறுபடி உள்ள போகுது. கம்பி வாசல்ல நிக்குது. போறப்ப ஒண்ணுங்குது. திரும்புறப்ப இன்னொண்ணுங்குது. மறுபடி போறப்ப இன்னும் ஒண்ணுங்குது."

"ஒரே காத்தைத்தானே?"

"ஒரே காத்தைத்தான்."

"அப்ப ஏப்பத்தையும் சாப்பாடுன்னு எண்ணி, அதுக்கும் சேர்த்துல்ல குழம்பை ஊத்துது!"

மாஸ்டர் சிரித்தார். "புதுசு வாங்கினா அதுவும் இதைத்தான் எண்ணும். சென்சார் மேல தப்பில்லண்ணே. அது நிக்கிற இடம் அப்படி."

பதினொரு மணி டீயும் வடையும் வந்தன. இருவரும் டயர் மேல் உட்கார்ந்தார்கள். மலை உச்சியை மேகம் பாதி தின்றிருந்தது. வடை கையில் அப்படியே இருக்க, ஜக்கையன் தானாகவே தொடங்கினார்.

"எங்க அம்மா செத்தன்னைக்கு நான் குமுளி ரோட்டுல ஒரு பஸ்ஸுக்கு அடியில படுத்துக் கெடந்தேன் மாஸ்டர். சேதி வந்து சேரவே மத்தியானமாயிருச்சு. கையக்கூடக் கழுவல. கிடைச்ச லாரியில ஏறி ஓடியாறேன். தாய்க்குக் கொள்ளி வைக்கிறது இளையவன்தேன். அது அவன் உரிமை, நான் குறுக்க வரல. அண்ணன் வரட்டும், அம்மா முகத்தைப் பார்க்கட்டும்னு காத்திருக்கணுமா இல்லையா? பொழுது இறங்குது, இருட்டுறதுக்கு முன்னாடி முடிக்கணும்னு பெருசுக சொன்னாகளாம். இவனுக்குப் புத்தி எங்க போச்சு? நான் சுடுகாட்டு வாசல்ல காலை வைக்கிறேன், எரியுது. அவன் அந்தப் பக்கம் பார்த்து நிக்கிறான். குளிச்சு நனைஞ்ச முதுகு. அம்புட்டுத்தேன் நான் பார்த்தது. அப்படியே திரும்பிட்டேன்."

"அதுக்கப்புறம் பேச்சில்லையா?"

"அந்தப் பிள்ளை அப்ப ஒண்ணாங்கிளாஸ். இப்பக் கல்யாணம். பார்த்துக்கங்க."

மாஸ்டர் வடையை மென்று முடித்தார். "ஆறிப்போச்சு, குடிங்க" என்றார். டீயைத்தான் சொன்னார்.

மதியத்துக்கு மேல் ஜக்கையன் கேட்டார். "வாசல்ல நிக்கிறது சரியா எண்ணாது. அதைத் தூக்கிட்டா இன்ஜின் குருடு. எதை நம்பி மாஸ்டர் பெட்ரோல் ஊத்துறது?"

மாஸ்டர் இன்ஜினை ஓட விட்டார். நான்கு சிலிண்டருக்கும் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் உலோக அறை ஒன்று அதன் பக்கவாட்டில் இருந்தது. அதில் மூடி போட்டு அடைத்திருந்த ஒரு சின்னத் துளையைத் திறந்தார். உஸ் என்று சத்தம். ஜக்கையனின் கட்டைவிரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார்.

துளை விரலைக் கவ்வி இழுத்தது. ஜக்கையன் திடுக்கிட்டு விரலைப் பிடுங்கினார். விரல் நுனியில் வட்டமாகச் சிவந்திருந்தது.

"கடிக்குது!"

"பசி" என்றார் மாஸ்டர். "உள்ள எவ்வளவு காலியா இருக்கோ, அவ்வளவு இழுக்கும். வர்றவன் போறவனை எண்ணவே வேண்டாம். உள்ளறையில இப்ப என்ன அழுத்தம், காத்து எவ்வளவு சூடு, இன்ஜின் எத்தனை சுத்து சுத்துது. இது தெரிஞ்சா போதும், எவ்வளவு காத்து இருக்குன்னு கணக்குப் போட்டுடலாம்."

"அப்ப வாசல்ல?"

"யாரும் வேண்டாம்."

அன்று மாலைவரை வேலை ஓடியது. வாசல் சென்சார் இருந்த இடத்தில் வெறும் குழாய் வந்தது. உள்ளறைத் துளையில் ரப்பர் குழாய் மாட்டி, அதன் மறுமுனையில் அழுத்தம் பார்க்கும் சென்சாரைப் பொருத்தினார்கள். காற்றின் சூட்டுக்கு இன்னொரு சின்ன சென்சார். பழைய மூளைப் பெட்டிக்கு இந்தக் கணக்கு தெரியாது. மாஸ்டர் வேறு பெட்டி வைத்தார். ஒயர்களை ஒவ்வொன்றாக இணைத்தது ஜக்கையன். புகைக்குழாயில் துளையிட்டு, பெட்ரோல் கூடுகிறதா குறைகிறதா என்று மோந்து சொல்லும் சென்சாரை மாட்டியதும் அவரே.

வியாழக்கிழமை காலை ஸ்டார்ட் செய்தபோது இன்ஜின் கொஞ்சம் முனகியது. மாஸ்டர் லேப்டாப்பில் எண்களைத் தட்டத் தட்ட, முனகல் அடங்கியது. புகை இல்லை. மேஜைமேல் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து ஜக்கையன் இன்ஜின் மேல் வைத்துப் பார்த்தார். சொம்புத் தண்ணீர் லேசாக நடுங்கியது, சிந்தவில்லை.

"அடேயப்பா!" என்றார்.

அதற்குப் பிறகு வேலை நகரவில்லை. சுற்றிய டேப்பையே பிரித்துச் சுற்றினார். பேட்டரி முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஏர் ஃபில்டர் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தார். பானெட் திறந்தே கிடந்தது.

"அண்ணே, கல்யாணம் பொண்ணுக்கா, வண்டிக்கா?"

"ஒரு கிளாம்பு லூசா இருக்க மாதிரித் தெரியுது மாஸ்டர்."

"தெரியும்."

ஜக்கையன் குனிந்தபடியே சொன்னார். "மூடினா நான்தான் கொண்டுபோய் விடணும்."

"ஆமா."

"வேற ஆளு மூடட்டுமே."

"மூடட்டும். நாளைக்கு வேற ஆளு பந்தக்காலையும் ஊன்றட்டும்."

மாஸ்டர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வண்டியின் இடப்பக்கம் ஏறினார்.

"நின்னா மட்டும் போதாது, மலையேத்தத்துலயும் கணக்கு சரியா வரணும். ஏறுங்க. நீங்க ஓட்டுங்க, நான் கட்டத்தை நிரப்புறேன்."

பானெட்டை ஒரு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முந்தலைத் தாண்டியதும் மலை தொடங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் காற்று மாறியது, குளிர்ந்தது. மாஸ்டரின் மடியில் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். இன்ஜினின் வேகம் ஒரு பக்கம், உள்ளறையின் அழுத்தம் ஒரு பக்கம். வண்டி எந்தக் கட்டத்தில் ஓடுகிறதோ அது மின்னும். புகைக்குழாய் சொல்வதைப் பார்த்து மாஸ்டர் எண்ணை மாற்றுவார்.

"இதே வேகத்துல பிடிங்க... இப்ப விடுங்க... இன்னும் கொஞ்சம் மிதிங்க."

வண்டி ஏறியது. வேலை பழகியதும் ஜக்கையனின் மனம் வேறு பக்கம் போயிற்று. வாய் தானே திறந்தது.

"சென்னம்மா என்ன பேச்சுப் பேசிட்டுப் போறா பார்த்தீங்களா? முதுகு தெரியுதாம். அவ புருஷன் செஞ்சது தெரியுமா அவளுக்கு? நான் ஆத்துப் பாலத்து மேல ஓடியாறேன் மாஸ்டர். கையை ஆட்டிக் கத்துறேன், டேய் பொம்மையா, நில்லுடான்னு. திரும்பிப் பார்த்தான். கண்ணுக்குக் கண்ணு பார்த்தான். பார்த்துட்டு, பார்த்துட்டுத்தேன், கொள்ளிய வெச்சான்."

மாஸ்டர் ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்து முதுகு மட்டுந்தானே தெரிஞ்சுது?"

"என்னது?"

"நேத்து டீ குடிக்கிறப்ப. நீங்க வந்தப்ப எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அவரு அந்தப் பக்கம் பார்த்து நின்னாரு, நனைஞ்ச முதுகு, அம்புட்டுத்தேன் பார்த்ததுன்னீங்க. இன்னைக்குத் திரும்பிப் பார்த்துட்டாரு."

"ரெண்டும் ஒண்ணுதேன்."

"சரி."

"இல்ல மாஸ்டர், பார்த்தான். நல்லா ஞாபகம் இருக்கு எனக்கு. இந்தா, உங்க முகம் தெரியிற மாதிரித் தெரியுது. நான் பாலத்து நடுவுல ஓடியாறேன், அவன்..."



அடுத்த வளைவின் அகலத்தில் ஜக்கையன் வண்டியை ஓரங்கட்டினார். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. கீழே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து கண்ணாடியில் படிந்தது. எதிரே சாலை மறைந்தது.

"அந்தப் பாலம்..." என்றார்.

மாஸ்டர் இப்போதுதான் நிமிர்ந்தார்.

"அப்பப் பாலமே கிடையாது மாஸ்டர். ஆத்துல இறங்கித்தேன் சுடுகாட்டுக்குப் போகணும். பாலம் பின்னாடி கட்டினாக. தூண் எழும்புறப்ப டூட்டிக்குப் போக வர நின்னு பார்த்திருக்கேன். தூணைப் பார்த்து நினைச்சேன், அம்மா செத்தப்ப இது இருந்திருந்தா சீக்கிரம் போயிருக்கலாமேன்னு."

அவர் கண்ணை மூடிப் பார்த்தார். பாலம் இருந்தது. கைப்பிடிச் சுவர் உள்ளங்கையில் உரசியது. தம்பி திரும்பினான். அந்த முகம், அந்தக் கண், எல்லாம் இருந்தன. அழிக்க முடியவில்லை. எந்த வருஷம், எந்த இரவில் அந்தக் கழுத்து திரும்பியது என்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

 

"இல்லாத பாலத்துல நான் எப்படி ஓடியாந்தேன் மாஸ்டர்?"

மாஸ்டர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் நின்ற இடத்தில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. மேகம் அவர்களைக் கடந்து போயிற்று.

"சாலை தெரியுது. போலாம்ணே" என்றார் மாஸ்டர்.

ஜக்கையன் வண்டியைத் திருப்பி மலையிறங்கினார். பட்டறை வந்ததும் கயிற்றை அவிழ்த்தார். காய வைத்த ஃபில்டர் பெட்டியை மாட்டினார். எதையும் திரும்பச் சரிபார்க்கவில்லை. பானெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு மூடினார். அந்தச் சத்தத்தில் எதிர் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. மூங்கில் கடையிலிருந்து பச்சை மூங்கிலைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நீளமான மூங்கில். கணுக்களில் இன்னும் ஈரம் இருந்தது. மாஸ்டரும் ஜக்கையனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த நுனியில் மாஸ்டர் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினார்.

ஜக்கையன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். முகத்தை மழித்திருந்தார். ராத்திரி தூங்காத கண். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது. கிளட்சை மிதித்து கியர் போட்டார். ஆனால் காலை எடுக்கவில்லை.

"மாஸ்டர்."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"பாலம் பொய். அவன் திரும்பிப் பார்த்ததும் பொய். ராத்திரி பூரா ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். இன்னும் எதெது பொய்யோ எனக்கே தெரியல."

மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆனா ஒண்ணு நெசம். அவன் காத்திருக்கல. அம்மா முகத்தை நான் பார்க்கல. அதுக்குப் பாலம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அது அப்படியே நிக்குது. இப்ப நான் போயி அந்தக் காலைப் பிடிச்சு ஊன்றிட்டா, அவன் செஞ்சது செய்யலைன்னு ஆயிருமா?"

அவர் குரல் உடைந்தது. மீசை முளைத்த நாளிலிருந்து அந்தக் குரலை அவரே கேட்டிருக்க மாட்டார்.

மாஸ்டர் ஜன்னல் விளிம்பில் கையை வைத்தார். மலை உச்சியில் முதல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.

"ஆகாதுண்ணே" என்றார். "செஞ்சாரு. தப்புதேன்."

ஜக்கையன் திகைத்துப் பார்த்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று ஏதாவது சொல்வார் என்றுதான் ராத்திரியெல்லாம் அதற்குப் பதில் சேர்த்து வைத்திருந்தார்.

"ஆனா அவரு அதை ஒரு தடவைதேன் செஞ்சாரு. வாசல்ல நின்ன கம்பி எத்தனை தடவை எண்ணுச்சு?" என்றார் மாஸ்டர்.

ஜக்கையன் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தபடி, தன்னை யாரோ தண்ணீருக்குள்ளிருந்து தூக்கிவிட்டது போல, ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்தார்.

பிறகு கிளட்சிலிருந்து காலை எடுத்தார்.